அப்பா துப்பாக்கிக்கு ஒரு கட்டை

ஜூலை 20, ஞாயிறு

விடியும்போதே வேக்காடு. ஃபேன் சுத்துது, காத்துதான் இல்ல. தண்ணி லாரி வரலை.

இந்த வாரம்:
– கல்யாண ஜாக்கெட் மூணு, ஆரி வேலைக்கு அனுப்பணும்
– ஓவர்லாக் மெஷினுக்கு எண்ணெய்
– துப்பாக்கிக்குக் கட்டை

மூணாவதுதான் முக்கியம். மத்தது ரெண்டும் சும்மா எழுதினது.

கோவம் ஆறிப்போயிரக் கூடாது, அதனால நடந்ததை எழுதி வைக்கிறேன். அப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு. அவரோட பழைய வேட்டைத் துப்பாக்கி, பாயின்ட் டூ டூ. வேட்டையெல்லாம் எந்தக் காலத்திலயோ நின்னாச்சு, ஞாயித்துக்கிழமை கிளப்ல அட்டையைச் சுடுறதுதான். லைசன்ஸை என் பேருக்கு மாத்த வாரிசு எல்லாரும் ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். அம்மா போட்டா. அண்ணனும் போட்டான், சிரிச்சுக்கிட்டே. ஏன் சிரிச்சான்னு போன வாரம் கிளப்ல பெட்டியைத் திறந்தப்பதான் தெரிஞ்சது. குழல் இருக்கு, போல்ட் இருக்கு, விசை இருக்கு, பாலிதீன் பையில திருகாணி ரெண்டு. கட்டை இல்ல. தோள்ல வச்சு அழுத்துற அந்த மரம், வால்நட், அப்பா மாசாமாசம் எண்ணெய் போட்டுத் துடைச்ச மரம், அது இல்ல.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"லைசன்ஸ்ல இருக்கிறது நம்பர் போட்ட இரும்பு. அதைக் குடுத்தாச்சு. கட்டைல ஏது நம்பர்? அது அப்பா ஞாபகமா இங்கேயே இருக்கட்டும். அம்மா பூ வைக்கிறா."

சரி, அதைக்கூடப் பொறுத்திருப்பேன். இன்னைக்குக் கிளப் கேன்டீன்ல நான் பின்னால நிக்கிறது தெரியாம நாலு பேர்கிட்ட சொல்றான்: "வெறும் இரும்பை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணப் போறா, தோசை திருப்பவா?"

நாலு பேரும் சிரிச்சாங்க. நான் காபியை வாங்காமலே வந்துட்டேன்.

ஆகஸ்ட் 3 கிளப்ல பழைய வேட்டைத் துப்பாக்கிகளுக்கான போட்டி. அம்பது மீட்டர், முப்பது குண்டு. ஒவ்வொரு வருஷமும் ஜெயிச்சது அப்பா, போன வருஷம் அண்ணன், அவனோட சொந்தத் துப்பாக்கியில. இந்த வருஷம் நான். அதுக்கு முந்தின நாள் பரிசோதனைக்குக் கட்டையோட துப்பாக்கியைக் காட்டினாத்தான் பேரை எழுதுவாங்க. பதிமூணு நாள் இருக்கு.

இருடா, வச்சுக்கிறேன். (அண்ணனை டா போட்டுட்டேன். போட்டது போட்டதுதான்.)

ஜூலை 22, செவ்வாய்

சாயங்காலம் ரெண்டு தூறல், மண் வாசனைகூட வரலை. கடைல கூட்டம், ஆடி முடிஞ்சா வரிசையா முகூர்த்தம், எல்லாருக்கும் ஜாக்கெட் நேத்தே வேணும்.

நடுநடுவே போன்ல கட்டை தேடினேன். கிடைச்சது இவ்வளவு:

1. வால்நட், புதுசு. விலையைச் சொன்னான். "சரிங்க"ன்னு சொல்லி வச்சுட்டேன்.
2. அலுமினியம். நீளம், கன்னம் வைக்கிற இடத்து உயரம் எல்லாம் திருகித் திருகி மாத்திக்கலாம். பார்த்தா ஆசையா இருக்கு. அந்த விலைக்கு இன்னொரு ஓவர்லாக் மெஷின் வாங்கிரலாம்.
3. ஒட்டுப் பலகை, லேமினேட். நல்லா உறுதி. ஆனா பச்சையும் ஆரஞ்சுமா கோடு. ஸ்கூல் யூனிஃபார்ம் பாவாடை. விலை நடுத்தரம். அதுவே நமக்கு ஜாஸ்தி.
4. பீச் மரம், பழசு, மவுண்ட் ரோடு பக்கம் ஒரு டீலர் கடை மூலைல கிடக்கு. நேர்ல போய்ப் பார்க்கணும்.
5. கருப்பு பிளாஸ்டிக். வடக்கேயிருந்து கூரியர்ல வரும். இருக்கிறதிலேயே சல்லிசு.

இவர் எட்டிப் பார்த்துட்டு, "விட்டுத் தொலையேன், கூடப் பொறந்தவன்தானே"ன்னார். கூடப் பொறந்ததாலதான் விட மாட்டேன். வேத்தாள் தோசைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

கோயில் பக்கம் நடக்க முடியலை. மாட வீதியில பாதியை மெட்ரோ தடுப்பு தின்னுருச்சு, மீதியில ஆட்டோ. குளத்துப் படியெல்லாம் தர்ப்பணக் கூட்டம். அண்ணனைத் தூரத்திலேயே பார்த்துட்டேன். ஈர வேட்டி, கண்ணை மூடி எள்ளும் தண்ணியும் விடுறான். அப்பாவுக்கு எள்ளு, எனக்கு இரும்பு. வாயில வந்ததை இங்க எழுத வேண்டாம், நாள் நல்ல நாள்.

நான் அவன் கண்ணில படாம பூக்காரம்மா பின்னாடி நின்னுட்டு, அப்படியே டீலர் கடைக்குப் போனேன். பீச் மரக் கட்டை பார்க்க லட்சணமாத்தான் இருந்தது. கையில பிடிக்கிற இடத்துல, கழுத்துல, முடி மாதிரி ஒரு கோடு. "அது சும்மா பாலிஷ் கீறல்மா"ன்னார் டீலர். ராபர்ட் சாருக்குப் போட்டோ அனுப்பினேன். கிளப்ல துப்பாக்கி அறைக்கு அவர்தான் பொறுப்பு, இரும்பு அவர்கிட்டதான் பூட்டியிருக்கு. ஒரே வரி பதில்: "கழுத்துல விரிசல் உள்ள கட்டையைச் சும்மா குடுத்தாலும் வாங்காதே."

வாங்கலை. வெளில வந்து பஸ் ஸ்டாப்ல நின்னே பிளாஸ்டிக்கை ஆர்டர் போட்டேன். திருகாணி ஓட்டை ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னு விக்கிறவன் கேட்டான். போன வாரமே என் டேப்பால மூணு தடவை அளந்து வச்சிருந்தேன், சொன்னேன். இருபது வருஷமா அளக்கிறதுதானே என் பிழைப்பு.

ஜூலை 28, திங்கள்

கட்டை வந்துருச்சு. கடைப் பொண்ணுங்க எல்லாம் சுத்தி நின்னு பார்த்தாங்க. "அக்கா, இது என்னக்கா, ஹாக்கி மட்டையா?"

தட்டினா காலி டப்பா சத்தம். அம்பது அடி தள்ளி வர்ற குப்பை வண்டிக்குக்கூட இதைவிட கௌரவமான சத்தம். அப்பா பார்த்தா வெத்தலையைத் துப்பிட்டு உள்ள போயிருப்பார். ஆனா நேரா இருக்கு, வளையலை, வெயில்லயும் மழைலயும் மரம் மாதிரி உப்பாது. ஏழை வீட்டுப் பொண்ணு, குணம் நல்லது.

மத்தியானம் கிளப். ராபர்ட் சார் இரும்பை எடுத்து வச்சார். முன் திருகாணி இறங்குச்சு. பின் திருகாணி இறங்கலை. ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது. அப்புறம் அவர் என் டேப்பை வாங்கி ஸ்டீல் ஸ்கேல் மேல வச்சார்.

இழுபட்ட டேப்.

"எவ்வளவு நாளா இதுல ஜாக்கெட் தைக்கிறே?"

அளக்கிறதும் அதுலயே, துணியில குறிக்கிறதும் அதுலயே. தப்பும் தப்பும் சரியாப் போயிரும், அதனாலதான் ஒரு கஸ்டமரும் சண்டைக்கு வரலை. துப்பாக்கி என் டேப்ல பிறக்கலையே! வெக்கத்துல காதெல்லாம் சுட்டுது. இது மட்டும் அண்ணன் காதுல விழுந்தா தோசையோட டேப்பும் சேர்ந்துக்கும். "சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க." "நான் எதுக்கும்மா சொல்றேன்"ன்னு அரம் எடுத்து அந்த ஓட்டையை ராவி நீட்டினார், ஒரு மணி நேரம். ரெண்டு திருகாணியும் இறங்குச்சு.

குழல் எங்கயும் கட்டைல இடிக்கக் கூடாது, நடுவுல ஒரு தாள் போய் வரணுமாம். தாள் ஏதாவது இருக்கான்னு கேட்டார். பையைத் துழாவினா அண்ணன் பாத்திரக்கடையோட ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், பேப்பர்காரன் போட்டது. "இட்லிப் பானை, குக்கர், அதிரடி விலை". குழலுக்கு அடியில இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தேன், வழுக்கிக்கிட்டுப் போச்சு. அவன் எனக்கு உபயோகமா இருந்தது இன்னைக்கு ஒரு நாள்தான்.

புது டேப் ரெண்டு வாங்கணும். மறக்கக் கூடாது.

ஜூலை 29, செவ்வாய்

பிரச்சினை ரெண்டு.

அ) கன்னம் வைக்கிற இடம் தாழ்வு. தலையைத் தூக்கிக்கிட்டே குறி பார்க்க வேண்டியிருக்கு, பத்தாவது குண்டுக்குக் கழுத்து பிடிச்சுக்குது.
ஆ) நீளம் பத்தலை. விசையிலிருந்து தோள் வரைக்கும் ஒரு இஞ்ச் குறையுது. எனக்கு அப்பா கை, நீளம். அண்ணனுக்கு அம்மா கை.

அ-வை நானே முடிச்சேன். ஜாக்கெட்டுக்குள்ள வைக்கிற கப் இருக்கே, கடைல மூட்டை மூட்டையா. நாலு கப்பை வெட்டி அடுக்கி, மேல கருப்பு ரெக்ஸின், அடியில கொக்கி வச்சு, பின்னால நாடா இழுத்துக் கட்டுற மாதிரி. வேணுங்கிற உயரத்துக்கு இறுக்கலாம், தளர்த்தலாம். அலுமினியக்காரன் அவ்வளவு விலை சொன்ன சமாச்சாரம், எனக்கு அரை மணி நேரம். பொண்ணுங்க சிரிச்சு உருண்டுதுங்க. "துப்பாக்கிக்கு பேடட் பிளவுஸ்க்கா!"

சிரிங்க சிரிங்க. ஞாயித்துக்கிழமை இருக்கு.

ஆ-வுக்கு ஏழுமலைகிட்ட போகணும். தேனாம்பேட்டை சந்துல பட்டறை, எங்க குடும்பத்துக்கு எல்லா மர வேலையும் அவன்தான். என் கட்டிங் டேபிளும் அவன் செஞ்சதுதான்.

ஜூலை 31, வியாழன்

எழுதிட்டுத்தான் சோறு.

பிளாஸ்டிக் கட்டையை மட்டும் பைல போட்டு (இரும்பு கிளப்லதான்) ஏழுமலை பட்டறைக்குப் போனேன். கடைசியில ஒரு இஞ்ச் மரம் வச்சு நீட்டித் தரணும்னேன்.

"இன்னாக்கா, துப்பாக்கிக் கட்டையா? சீசன் போல கீது. போன வர்சம்கூட ஒண்ணு நம்ம கைல வந்துச்சே."

"யாருது?"

"உங்க அண்ணாச்சிதான். தி.நகர் வூட்டுக்கு ஷோகேஸ் செஞ்சி குட்த்தேன்ல, தேக்கு, முன்னால கண்ணாடி. அதுல வைக்கணும்னு அந்தக் கட்டைய எட்தாந்தாரு. உள்ள நிக்கல. ரெண்டு இஞ்ச் பெர்சா கீது. 'ஷோகேஸ பெர்சாக்கவா, கட்டைய அறுக்கவா'ன்னேன். கொஞ்ச நேரம் முழிச்சிக்கினு நின்னாரு. யாருக்கோ போன் போட்டாரு. அப்பால 'கட்டைய அறு'ன்னுட்டாரு."

நான் மர ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

"தோ, துண்டு இங்கதான் கீது. சோக்கான மரம், தூக்கிக் கடாச மன்சு வர்ல. இதையே உங்களுக்கு ஒரு இஞ்ச் சீவி வச்சிரட்டா? ஷோக்கா இருக்கும்."

ரம்பத் தூள்ல கிடந்ததைத் துடைச்சுக் கையில குடுத்தான். அப்பா கட்டையோட அடிப்பக்கம். தோள்ல படுற அந்தக் கருப்புத் தகடு, சட்டை உரசி உரசிப் பளபளன்னு ஆன ஓரம். இந்தப் பக்கம் சாய்வா ரம்பம் போன வெட்டு, இன்னும் வெளுப்பா.

அப்பா ஞாபகமாம்! அலமாரியை ரெண்டு இஞ்ச் பெருசாக்கத் துப்பில்லாம அப்பாவை ரெண்டு இஞ்ச் அறுத்திருக்கான். பாத்திரக் கடைக்காரன் புத்தி, தட்டுக்கு ஏத்த மாதிரி இட்லியை வெட்டு. இனிமே அந்தக் கட்டையை யார் மாட்டினாலும் தோளுக்கு எட்டாது.

"சீவ வேண்டாம். அவன் அறுத்தது என் தோள்ல பட வேண்டாம். வேங்கை இருந்தா வேங்கை போடு."

துண்டை நியூஸ் பேப்பர்ல சுத்திக் கைப்பையில வச்சுக்கிட்டேன். ஏழுமலை என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "நா எதுனா சொல்லக் கூடாதத சொல்ட்டனாக்கா?"ன்னான். இல்லப்பா, நீதான் சொல்ல வேண்டியதைச் சொன்ன ஆளு.

இவர்கிட்ட சொல்லலை. "விட்டுத் தொலை"ன்னு ஆரம்பிப்பார்.

ஆகஸ்ட் 2, சனி

பரிசோதனை முடிஞ்சது. ராபர்ட் சார் ரெக்ஸின் ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தார், நாடாவை இழுத்துப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கிட்டு "விதில ஒண்ணும் தடை இல்லை"ன்னு எழுதினார். பேர் ஏறிருச்சு. அண்ணனுக்கு ஏழாவது மேடை, எனக்கு எட்டாவது. பக்கத்திலேயே. கடவுள் இருக்கார்.

ரெண்டு யோசனை ஓடுது. ஒண்ணு, நாளைக்கு எல்லார் முன்னாலயும் துண்டை எடுத்து மேஜை மேல வைக்கிறது. இன்னொண்ணு, அம்மாகிட்ட நேரா கொண்டு போறது. தினமும் பூ வைக்கிறாளே, அவளுக்குத் தெரியட்டும் மகன் லட்சணம்.

கோயம்பேட்டிலிருந்து மல்லி ஏத்திக்கிட்டு வந்த ஆட்டோக்காரன் என் பையை இடிச்சுட்டுப் போனான். துண்டு பத்திரம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

வெயில் சுள்ளுன்னு. காத்து சுத்தமா இல்ல. சுடுறதுக்கு அதுதான் நல்லது.

அண்ணன் வந்ததும் என் துப்பாக்கியைத்தான் பார்த்தான்.

"என்னம்மா இது, துப்பாக்கிக்கு ஜாக்கெட் போட்டிருக்க?"

"ஆமாண்ணே. மானத்தோட இருக்கட்டும்னு."

பக்கத்து மேடைக்காரர் குபீர்னு சிரிச்சுட்டார். நாலு பேர் சிரிச்சாங்க. அந்த நாலு பேரேதான். மனசு கொஞ்சம் குளிர்ந்தது, ஆனா வயிறு நிறையலை.

முதல் பத்து, கை கேக்கலை. 85. அவனுக்கு 88. கோவமா இருந்தா விசையைப் பிடுங்குவோம், அமுக்க மாட்டோம், அப்பா சொல்றதுதான். துப்பாக்கியைக் கீழ வச்சுட்டுத் தண்ணி குடிச்சேன். கன்னத்துக்கு நாடாவை ஒரு பிடி இறுக்கினேன். தோள்ல வேங்கைத் துண்டு கச்சிதமா உக்காந்தது. ரெண்டாவது பத்து 90. கடைசிப் பத்து 91.

266. அவன் 259.

கத்தணும் போல இருந்தது. கத்தலை, புடவை முந்தியால மூஞ்சியைத் துடைச்சேன். அவன் வந்து பக்கத்துல நின்னான்.

"நல்லா சுட்டே."

நான் போல்ட்டைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தேன்.

"பிளாஸ்டிக்தான் உனக்குத் தோதா இருக்கு. அப்பாது கனம்." சொல்லிட்டுத் தரையைப் பார்க்கிறான். முகத்துல நக்கல் இல்லை, சொத்தைப் பல்லைக் கடிச்ச மாதிரி ஒரு முழி. தோத்த முழி, வேற என்ன!

கை பைக்குள்ள போயிருச்சு. பேப்பர் சரசரன்னுது. அப்புறம் எடுக்கலை. இவன்கிட்ட காட்டினா ரெண்டு நிமிஷம் தலை குனிவான், நாளைக்குக் கல்லாவுல உக்காந்து மறந்துருவான். அம்மாவுக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் குனியணும்.

சாயங்காலம் சித்ரான்னம் நாலு வகை பண்ணினேன். லெமன் சாதத்துல உப்பு கூடிப் போச்சு. இவர் தயிரை ஊத்திக்கிட்டுச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அண்ணன் கடைல இருக்கிற நேரமாப் பார்த்து, பதினோரு மணிக்கு தி.நகர். பஸ்ஸை விட்டு இறங்கினா ஆடிக் கூட்டம், நடக்கவே இல்லை, தள்ளிக்கிட்டுப் போனாங்க. மாடியில அம்மா தனியா. சமையல் முடிச்சு, ஹால்ல அப்பா படத்துக்குப் பூச்சரம் கட்டிக்கிட்டிருந்தா.

அந்த ஷோகேஸ். தேக்கு, கண்ணாடி, உள்ள சின்ன லைட் வேற. நடுவுல கட்டை நிக்குது. ரெண்டு இஞ்ச் குட்டையா. அறுத்த பக்கம் கீழ இருக்கிறதால தெரியலை. அதுக்கு மல்லி.

நான் உக்காரக்கூட இல்லை. "அம்மா, உன் மகன் என்ன பண்ணியிருக்கான்னு பாரு"ன்னு பேப்பரைப் பிரிச்சு டீப்பாய் மேல வச்சேன். ஏழுமலை சொன்னது, ஷோகேஸ், ரம்பம், எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன். தோசை வரைக்கும் சொன்னேன். பேசப் பேச அழுகை வந்துருச்சு. எனக்கே ஆச்சரியம்.

அம்மா பூ கட்டுறதை நிறுத்தலை.

"அவன் அறுக்கலை ஏட்டி. நான்தான் அறுக்கச் சொன்னேன்."

"என்னது?"

"பட்டறைலேர்ந்து போன் போட்டான். அலமாரியைப் பெருசாக்கச் சொல்லட்டுமான்னான். வேண்டாம், கட்டையை அறுன்னேன். அழுதான். ஆம்பளப் புள்ள போன்ல அழுதான். அறுடான்னேன். தங்கச்சிகிட்ட என் பேரைச் சொல்லாதேன்னும் சொன்னேன்."

"ஏன்மா?"

நாரை ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டா. குரல் ஏறவே இல்லை.

"நாப்பது வருஷம் எனக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது. கிளப்பு, கிளப்புன்னு போயிருவாக. உன் தம்பி ஒருத்தன் பொறந்து மூணாம் நாள் போனானே, அன்னைக்கும் ஞாயித்துக்கிழமைதான். ஆள் அனுப்பி ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தாக. தோள்ல எண்ணெய் வாடை. அந்தக் கட்டைக்கு எண்ணெய் போட்டுட்டு வந்திருக்காக."

எனக்கு அந்தத் தம்பியைப் பத்தி யாரும் சொன்னதில்லை.

"பூ வைக்கிறது அந்த மனுசனுக்கு. அறுத்தது கட்டையை. முழுசா வச்சிருந்தா நீ மாட்டியிருப்ப. இப்ப மாட்டு, பார்ப்போம்."

நான் ஞாயித்துக்கிழமை போட்டுட்டு வந்த 266-ஐச் சொல்லவே இல்லை. ஸ்கோர் எழுதின தாள் பைக்குள்ளேயே இருந்தது. பால்கனிக் கதவு காத்துல படார் படார்னு அடிச்சுக்கிட்டே இருந்தது. அம்மா எழுந்தா. டீப்பாய் மேல இருந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தா, சாய்வான பக்கத்தை உள்ள விட்டுக் கதவுக்கு அடியில வச்சு, காலால ஒரு தள்ளு.

கதவு நின்னுருச்சு.

"நல்லா முட்டுக் குடுக்குதே"ன்னா. சரத்தை எடுத்து அப்பா படத்துக்குப் போட்டுட்டுச் சொன்னா: "சாப்பிட்டுப் போ. உங்க அண்ணன் பேசினா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. அலமாரில நிக்கிற மீதியையும் எதுக்காவது வச்சுக்கலாம்."